சொந்தப் பையன்களை வைத்து பேஸ்பால் அணியை மீட்க: செய்ய வேண்டியவை, செய்யக்கூடாதவை

உங்கள் அணி 162 ஆட்டத்தில் நூறுக்கு மேல் தோற்றுவிட்டது. பெரிய சம்பளம் வாங்குபவர்களுக்கு வயதாகிவிட்டது. மைனர் லீக்கில் சொல்லிக்கொள்ள ஒரு பெயர் இல்லை. "வெளியில் வாங்கிக் கட்டுப்படியாகாது, நம்ம பையன்களை வளர்த்தே மேலே வருவோம்" என்று ஓனர் உங்களை ஜி.எம். நாற்காலியில் உட்காரவைத்திருக்கிறார். அப்படி வைத்துக்கொண்டுதான் பேசப்போகிறேன். நிஜ நாற்காலி கிடைக்காமல் டைனஸ்டி ஃபேன்டஸி லீக்கிலும் கம்ப்யூட்டர் கேமிலும் அணி நடத்துபவர்களுக்கும் இதே பட்டியல்தான். ரீபில்ட் என்ற பெயரில் நம்மை ஏமாற்றுகிறார்களோ என்று சந்தேகப்படும் ரசிகர்களும் படிக்கலாம்.

ஹூஸ்டன் ஆஸ்ட்ரோஸ் 2011, 2012, 2013 சீசன்களில் 106, 107, 111 ஆட்டங்கள் தோற்றது. 2017ல் வேர்ல்ட் சீரிஸ் ஜெயித்தது. இந்தக் கதையைக் கேட்ட பலர் அதில் சுலபமான பாதியை மட்டும் காப்பியடித்துச் சூடுபட்டிருக்கிறார்கள். ஆனால் சாம்பியன் அணியின் முதுகெலும்பான ஹோசே அல்டுவே, டல்லஸ் கைக்கல், ஜார்ஜ் ஸ்ப்ரிங்கர் மூவரும் அந்தத் தோல்விகளின் பரிசாக வந்தவர்கள் இல்லை. அவற்றின் பலன் கைக்கு வருமுன்பே அணி கண்டெடுத்து வைத்திருந்த பையன்கள். தோற்றால், புதுப் பையன்களைத் தேர்ந்தெடுக்கும் டிராஃப்ட் வரிசையில் முன்னால் நிற்கலாம், அவ்வளவுதான். வளர்ப்பது தனி வேலை. அந்த வேலைக்குத்தான் இந்தப் பட்டியல்.

செய்ய வேண்டியவை

ஓனரிடம் முதல் வாரமே காலக்கெடு பேசுங்கள். டேட்டன் மூர் 2006ல் கான்சஸ் சிட்டி ராயல்ஸ் ஜி.எம். ஆனார். தோல்விகளைவிட வெற்றிகள் அதிகமான முதல் சீசன் 2013ல்தான் வந்தது. 2014ல் வேர்ல்ட் சீரிஸ் ஃபைனல், 2015ல் கோப்பை. இடையில் இருந்த வருடங்களை எந்த ஓனரும் சும்மா தாங்கமாட்டார். மூன்றாவது வருடம் அவர் பொறுமை இழந்து வயதான ஸ்டார் ஒருவரை வாங்கி வந்தால் உங்கள் கணக்கு மொத்தமும் போச்சு. ஆரம்பத்திலேயே பேசிவிடுங்கள்.

டிராஃப்ட் பணத்தைப் பிரித்து ஆடுங்கள். 2012 முதல் ஒவ்வொரு அணிக்கும் சைனிங் போனஸுக்கென்று ஒரு மொத்தத் தொகை உண்டு, மீறினால் அபராதம். அந்த முதல் வருடமே ஆஸ்ட்ரோஸ் இதன் சூட்சுமத்தைப் பிடித்தது. முதல் பிக்கின் மதிப்பு 72 லட்சம் டாலர். அந்த இடத்தில் 48 லட்சத்துக்குச் சம்மதித்த கார்லோஸ் கொரியாவை எடுத்தார்கள். மிச்சமான பணத்தில், அதிகம் கேட்டதால் மற்ற அணிகள் தயங்கிய பிட்சர் லான்ஸ் மெக்கல்லர்ஸை 41வது பிக்கில் 25 லட்சம் கொடுத்து இழுத்தார்கள். இருவரும் 2017 கோப்பையில் கை வைத்தவர்கள். இரண்டாவது ரவுண்டை லேசாக நினைக்காதீர்கள்: 2019ல் பால்டிமோர் ஓரியோல்ஸ் முதல் பிக்கில் ஆட்லி ரட்ச்மனை எடுத்ததை எல்லோரும் எழுதினார்கள். அதே வருடம் 42வது பிக்கில் எடுத்த கன்னர் ஹெண்டர்சன் 2023ன் சிறந்த புதுமுகம் ஆனார்.

டொமினிகன் குடியரசிலும் வெனிசுவேலாவிலும் உடனே ஆள் போடுங்கள். பேஸ்பாலில் விலைக்கும் மதிப்புக்கும் இவ்வளவு இடைவெளி வேறெங்கும் கிடையாது. வெனிசுவேலாவில் ஆஸ்ட்ரோஸ் நடத்திய தேர்வுக்கு அல்டுவே வந்தபோது, உயரம் போதாது என்று முதல் நாள் திருப்பி அனுப்பினார்கள். மறுநாள் மறுபடி வந்து நின்றார். 2007ல் 15,000 டாலருக்குக் கையெழுத்து. பின்னாளில் மூன்று பேட்டிங் பட்டங்கள், 2017ன் எம்.வி.பி. ராயல்ஸ் கேட்சர் சால்வடோர் பெரெஸ் வந்தது 65,000 டாலருக்கு, பிட்சர் யொர்டானோ வென்ச்சுரா 28,000க்கு.

அங்கே பதினாறு வயதிலேயே கையெழுத்து வாங்கிவிடுவார்கள். இருபதைத் தாண்டியவனை யாரும் ஏறிட்டுப் பார்ப்பதில்லை. நீங்கள் பாருங்கள். ஃப்ராம்பர் வால்டெஸை ஆஸ்ட்ரோஸ் 21 வயதில் 10,000 டாலருக்கு எடுத்தது. கிறிஸ்டியன் ஹாவியருக்கும் அதே 10,000தான். 2022 வேர்ல்ட் சீரிஸின் நான்காவது ஆட்டத்தில் ஹாவியர் ஆறு இன்னிங்ஸ் ஒரு ஹிட் கூடக் கொடுக்காமல் வீச, பின்னால் வந்தவர்கள் அதை முழு நோ-ஹிட்டராக முடித்தார்கள். கடைசி ஆட்டத்தை ஜெயித்துக் கொடுத்தது வால்டெஸ். இரண்டு பேருக்கும் சேர்த்து ஆன செலவு ஒரு சாதாரண காரின் விலை.

ஒரு சின்ன எச்சரிக்கை: புது நாட்டில் ஆள் தேடுவதும் விளம்பரம் தேடுவதும் ஒன்றில்லை. 2008ல் ஒரு டி.வி. போட்டியின் வழியாக பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் இந்தியாவிலிருந்து ரிங்கு சிங், தினேஷ் படேல் என்ற இரண்டு ஈட்டி எறியும் பையன்களை எடுத்தது. சினிமா கூட வந்தது. மேஜர் லீக் வரை இருவரும் போகவில்லை. பதினெட்டு, பத்தொன்பது வயதில் முதல்முறை பந்தைத் தொடுபவனுக்கு மெனக்கெடுவதைவிட, ஐந்து வயதில் தெருவில் ஆடத் தொடங்கியவனைத் தேடிப் போங்கள்.

பையன்களின் சாப்பாடு, படுக்கை, இங்கிலீஷ் மூன்றையும் நீங்களே நேரில் பாருங்கள். இதைத்தான் எல்லா அணிகளும் கடைசியில் வைக்கின்றன, இதைத்தான் நான் முதலில் வைப்பேன். பல வருடங்கள் மைனர் லீக் பையன்கள் ஒரு அபார்ட்மெண்டில் ஆறு பேர் நெருக்கியடித்து, தரையில் காற்று மெத்தை போட்டுத் தூங்கி, ராத்திரி ஆட்டம் முடிந்து பர்கர் தின்று வளர்ந்தார்கள். தங்கும் இடத்தை அணிகளே கொடுக்க வேண்டும் என்பது 2022ல்தான் வந்தது. 2023ல் மைனர் லீக் ஆட்டக்காரர்களின் முதல் யூனியன் ஒப்பந்தத்துக்குப் பிறகு டபுள்-ஏ சம்பளம் வருடத்துக்கு 13,800 டாலரிலிருந்து 30,250 ஆனது. இவை குறைந்தபட்சம்தான். அதற்கு மேல் செய்யுங்கள். டொமினிகன் பையனுக்கு அரிசிச் சோறும் அவரையும் வேண்டும். சமையல்காரரிடம் சொல்லிவைக்க ஒரு நிமிஷம் போதும். கோச் சொல்வது புரியாமலேயே தலையாட்டும் பையனுக்கு இங்கிலீஷ் வாத்தியார் வேண்டும். கோச்சுக்கு ஸ்பானிஷ் வாத்தியார் வேண்டும்; இதை மட்டும் மறந்துவிடுவார்கள்.

மனசும் இதில் சேர்த்திதான். ராயல்ஸின் இளம் பிட்சர் டேனி டஃபி 2010ல் ஆட்டமே வேண்டாம் என்று கிளம்பி வீட்டுக்குப் போய்விட்டார். அணி கதவைச் சாத்தவில்லை. சில மாதங்களில் திரும்பினார். 2015 சாம்பியன் அணியில் அவர் இருந்தார். 2020ல் கொரோனாவால் மைனர் லீக் சீசனே ரத்தாகி, பல அணிகள் பையன்களைக் கூட்டம் கூட்டமாக நீக்கியபோது, ராயல்ஸ் யாரையும் நீக்காமல் சம்பளம் கொடுத்தது. இப்படிப்பட்ட சேதி ஏஜென்ட்டுகள் காதுக்கும் அம்மா அப்பா காதுக்கும் போகும்.

டிராஃப்டின் மேல்தட்டில் பேட்டர்களை எடுங்கள். பிட்சர்களை எண்ணிக்கையில் சேருங்கள். பிட்சரின் முழங்கையும் தோளும் எப்போது போகும் என்று எந்த டாக்டராலும் சொல்ல முடியாது. 1990களில் நியூயார்க் மெட்ஸ் ஐசிரிங்ஹவுசன், புல்சிஃபர், வில்சன் என்ற மூன்று பிட்சர்களை நம்பி எதிர்காலத்தையே எழுதியது. மூன்று பேரும் ஆபரேஷன் மேஜைக்குப் போனார்கள். சிகாகோ கப்ஸ் பாடம் கற்றது: தியோ எப்ஸ்டீன் வந்த பிறகு கிறிஸ் பிரையன்ட், கைல் ஷ்வார்பர் என்று முதல் ரவுண்டில் பேட்டர்களாகக் குவித்தார். பிட்சிங்குக்கு ஜான் லெஸ்டரைக் காசு கொடுத்து வாங்கினார், ஹெண்ட்ரிக்ஸையும் ஆரியட்டாவையும் டிரேடில் பிடித்தார். 2016ல் கோப்பை.

தடுமாறுபவனுக்கு வேறு இடம் கொடுத்துப் பாருங்கள். 2005ன் இரண்டாவது பிக் அலெக்ஸ் கார்டன், மூன்றாவது பேஸில் தேறவில்லை. 2010ல் ராயல்ஸ் அவரை மைனர் லீக்கின் ஒமாஹா அணிக்கு இறக்கி லெஃப்ட் ஃபீல்டு பழக்கியது. அவமானம் என்று நினைத்திருக்கலாம். மறு வருடமே கோல்டு க்ளவ். 2015 வேர்ல்ட் சீரிஸின் முதல் ஆட்டத்தில், ஒன்பதாவது இன்னிங்ஸில் சமன் செய்த ஹோம் ரன் அவருடையது. கென்லி ஜான்சன் கேட்சராக வந்து பிட்சரானவர். ஜேக்கப் டிகிராமும் காலேஜில் ஷார்ட்ஸ்டாப்பாக இருந்து பிட்சரானவர்தான்.

நவம்பரில் ரூல் 5 பட்டியலை இரண்டு முறை சரிபாருங்கள். 18 வயதிலோ அதற்கு முன்போ சேர்ந்தவனை ஐந்து சீசனுக்குள், அதற்கு மேல் வயதானவனை நான்கு சீசனுக்குள் 40 பேர் பட்டியலில் ஏற்றாவிட்டால் மற்றவர்கள் தூக்கிக்கொண்டு போகலாம். டாட்ஜர்ஸ் 1954ல் இப்படித்தான் ராபர்ட்டோ க்ளெமென்டேவை பைரேட்ஸிடம் இழந்தது. 1999ல் ஆஸ்ட்ரோஸ் விட்ட யோஹான் சந்தானா, மின்னசோட்டாவுக்காக, சிறந்த பிட்சருக்கான சை யங் விருதை இரண்டு முறை வாங்கினார்.

விற்பதானால் நல்ல விலை இருக்கும்போதே விற்றுவிடுங்கள். 2010 டிசம்பரில் ராயல்ஸ் தன் சிறந்த பிட்சர் சாக் கிரைங்கியை மில்வாக்கிக்குக் கொடுத்தது. வந்தவர்களில் லொரென்சோ கெய்ன் 2014 அமெரிக்கன் லீக் சாம்பியன்ஷிப் தொடரின் எம்.வி.பி., அல்சிடெஸ் எஸ்கோபார் 2015ல் அதே விருது. மூன்றாவது, நான்காவது பெயருக்கும் பேரம் பேசுங்கள். ஓரியோல்ஸ் 2018ல் மேனி மச்சாடோவை விற்றபோது தலைப்புச் செய்தி யூஸ்னியல் டியாஸ். உருப்படியாக நின்றது டீன் க்ரெமர்.

நிரூபித்த பையனிடம் நீண்ட ஒப்பந்தம் பேசுங்கள். அட்லாண்டா பிரேவ்ஸ் 2019ல் ரொனால்டு அகுன்யாவுக்கு எட்டு வருடம், 10 கோடி டாலர். ராயல்ஸ் 2024ல் பாபி விட் ஜூனியருக்கு 11 வருடம், 28.88 கோடி. இதில் இருவருக்கும் லாபம். மேஜர் லீக்கில் ஒரு ஆட்டம் கூட ஆடாதவனிடம் பேசும்போது மட்டும் தொகையைச் சின்னதாக வையுங்கள்: 2014ல் ஆஸ்ட்ரோஸ் அப்படிக் கையெழுத்து வாங்கிய ஜான் சிங்கிள்டன் எடுபடவில்லை. போனது 1 கோடி டாலர் என்பதால் அணி மூழ்கவில்லை.

பாஸ்வேர்டை இன்றே மாற்றுங்கள். சிரிக்காதீர்கள். ஆஸ்ட்ரோஸின் ஸ்கவுட்டிங் குறிப்புகள் இருந்த டேட்டாபேஸுக்குள் செயின்ட் லூயிஸ் கார்டினல்ஸின் அதிகாரி ஒருவர் புகுந்து படித்தார். கார்டினல்ஸிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனவரின் பழைய பாஸ்வேர்டை வைத்தே புதியதை ஊகித்தாராம். அவருக்கு 46 மாதம் சிறை. கார்டினல்ஸுக்கு 20 லட்சம் டாலரும் இரண்டு பிக்குகளும் நஷ்டம்.

செய்யக்கூடாதவை

தோல்வியையே திட்டமாக்காதீர்கள். கணக்கு மாறிவிட்டது. 2023 முதல் டிராஃப்டுக்கு லாட்டரி; கடைசி மூன்று இடத்து அணிகளுக்கும் முதல் பிக் கிடைக்கும் வாய்ப்பு தலா 16.5 சதவீதம்தான். தொடர்ந்து லாட்டரிக்குள் வரவும் தடை இருக்கிறது. சிகாகோ ஒயிட் சாக்ஸ் 2024ல் 121 ஆட்டம் தோற்றது, நவீன பேஸ்பாலில் அதுவரை யாரும் அவ்வளவு தோற்றதில்லை. அதற்குக் கிடைத்த பரிசு? 2025 டிராஃப்டில் பத்தாவது பிக். ரசிகர்களும் சும்மா இருக்கமாட்டார்கள்: 2013 செப்டம்பரில் ஆஸ்ட்ரோஸ் ஆட்டம் ஒன்றுக்கு ஹூஸ்டனில் வந்த டி.வி. ரேட்டிங் 0.0.

சர்வீஸ் டைமில் நாள் திருடாதீர்கள். 172 நாள் மேஜர் லீக்கில் இருந்தால் ஒரு முழு வருடக் கணக்கு. ஆறு வருடம் முடிந்தால் ஃப்ரீ ஏஜென்ட். 2015ல் கப்ஸ், ஸ்பிரிங் டிரெய்னிங்கில் வெளுத்து வாங்கிய பிரையன்ட்டை மைனருக்கு அனுப்பி ஏப்ரல் 17 அன்று கூப்பிட்டது. அவருக்குச் சேர்ந்தது 171 நாள். ஒரே ஒரு நாள்! அவர் கொடுத்த புகார் தோற்றது, விதிப்படி கப்ஸ் செய்தது தப்பில்லை. ஆனால் பையன் மறக்கவில்லை, யூனியனும் மறக்கவில்லை. இப்போது கணக்கே வேறு: நல்ல பெயரெடுத்த புதுமுகத்தை முதல் நாளே இறக்கி, அவன் சிறந்த புதுமுகம் ஆனால் அணிக்கு ஒரு பிக் இனாம். சியாட்டிலுக்கு ஹூலியோ ரொட்ரிகெஸாலும், ஓரியோல்ஸுக்கு ஹெண்டர்சனாலும் அது கிடைத்தது. அதே சியாட்டிலின் தலைவர் 2021ல் ஒரு ரோட்டரி கிளப் கூட்டத்தில் இளம் பையன்களைக் கீழேயே நிறுத்திவைப்பது பற்றியும், ஹூலியோவின் இங்கிலீஷைப் பற்றியும் வாயை விட்டார். வீடியோ பரவியது, பதவி போனது. உங்கள் வாயையும் பூட்டி வையுங்கள்.

முதல் பிக் என்பதற்காக ஒருவனை நம்பி உட்காராதீர்கள். 2013ல் ஆஸ்ட்ரோஸ் எடுத்த மார்க் அப்பெல், ஸ்டான்ஃபோர்டு பிட்சர், போனஸ் 63.5 லட்சம் டாலர். ஹூஸ்டனுக்காக ஒரு பந்து கூட வீசவில்லை. நடுவில் ஆட்டத்தையே விட்டுவிட்டுத் திரும்பி வந்து, 2022ல் தன் 30 வயதில் ஃபிலடெல்ஃபியாவுக்காக மேஜர் லீக்கில் இறங்கினார். அவருக்கு அது வெற்றிதான், கேலி செய்யாதீர்கள்.

எல்லா பிட்சரையும் ஒரே அச்சில் வார்க்காதீர்கள். ஜேக் ஆரியட்டா ஓரியோல்ஸில் இருந்தவரை ஈ.ஆர்.ஏ. 5.46. தன் உடம்புக்கு இயல்பாக வந்த வீச்சை மாற்றச் சொன்னார்கள் என்று பின்னாளில் அவரே பேசினார். 2013ல் கப்ஸுக்குப் போனார். குறுக்கே கை வீசுவதா, வீசிக்கொள் என்று விட்டார்கள். 2015ல் 22 வெற்றி, 1.77, சை யங். கோச்சுக்குப் பிடிக்காத ஸ்டைல் என்பது ஒரு காரணமே இல்லை. அடி வாங்குகிறானா என்று மட்டும் பாருங்கள்.

பழைய ரிப்போர்ட்டை வைத்து ஆளை வெட்டாதீர்கள். ஜே.டி. மார்ட்டினெஸ் ஒரு குளிர்காலம் முழுக்க உழைத்து ஸ்விங்கையே மாற்றிக்கொண்டு 2014 ஸ்பிரிங் டிரெய்னிங்குக்கு வந்தார். ஆஸ்ட்ரோஸ் சரியாகப் பார்க்கக்கூட இல்லை, மார்ச்சில் விடுவித்துவிட்டது. டிட்ராய்ட் எடுத்துக்கொண்டது, அந்த வருடமே .315 பேட்டிங் சராசரி, 23 ஹோம் ரன். கெட்டிக்கார அணிக்கே இது நடந்தது. பையன் "மாறியிருக்கிறேன்" என்று சொன்னால் உட்கார்ந்து பாருங்கள்.

நீங்களே இன்னும் பார்க்காத பையனைக் கொடுத்துவிடாதீர்கள். 2016ல் ஒயிட் சாக்ஸ் வயதான ஜேம்ஸ் ஷீல்ட்ஸுக்காகக் கொடுத்த 17 வயதுப் பையன், அதுவரை தொழில்முறை ஆட்டம் ஒன்று கூட ஆடியதில்லை. பெயர் ஃபெர்னாண்டோ டாட்டிஸ் ஜூனியர்.

போனஸ் விதியை வளைக்காதீர்கள். 2017ல் பிரேவ்ஸ், வெளிநாட்டுப் பையன்களுக்குக் கணக்கை மறைத்துப் பணம் கொடுத்தது வெளியே வந்தது. ஒரு டஜனுக்கும் மேற்பட்ட பையன்கள் கையை விட்டுப் போனார்கள், ஜி.எம். பேஸ்பாலை விட்டே விலக்கப்பட்டார். ஆஸ்ட்ரோஸ் 2017ல் கேமரா வைத்து கேட்சரின் சிக்னலைத் திருடியதற்கு 2020ல் தண்டனை வந்தபோது 50 லட்சம் டாலரோடு, இரண்டு வருடத்து முதல் இரண்டு ரவுண்டு பிக்குகளும் பறிபோயின. வளர்ப்பை நம்பிப் பிழைக்கும் அணிக்குப் பணத்தைவிட அந்த பிக்குகள்தான் வலி.

பையன்கள் தயாரான பிறகு பர்ஸை மூடிக்கொள்ளாதீர்கள். நாற்றங்காலில் நாற்று செழித்துவிட்டது என்பதற்காக வயலுக்குத் தண்ணீரை நிறுத்துவார்களா? ஓரியோல்ஸ் 2018ல் 115 தோல்வியில் இருந்து 2023ல் 101 வெற்றிக்கு வந்தது. அதுவரை எல்லாம் பாடப்புத்தகம். அந்த பிளே-ஆஃபில் டெக்சாஸிடம் மூன்று ஆட்டமும் தோல்வி, மறு வருடம் ராயல்ஸிடம் இரண்டும் தோல்வி. பிட்சிங் தலைவன் கார்பின் பர்ன்ஸ் ஃப்ரீ ஏஜென்ட்டாகி அரிசோனாவுக்குப் போனபோது அந்த இடத்துக்கு நிகரான ஆளை வாங்கவில்லை; 41 வயது சார்லி மார்ட்டனை ஒரு வருடத்துக்கு எடுத்தார்கள். 2025ல் 75 வெற்றி, 87 தோல்வி. மே மாதமே மேனேஜர் பிராண்டன் ஹைட் வீட்டுக்கு அனுப்பப்பட்டார், பாவம் அவர் என்ன செய்வார்.

இதற்கு நேர்மாறாக ராயல்ஸ் 2012 டிசம்பரில் தன் செல்லப்பிள்ளை வில் மையர்ஸைக் கொடுத்து ஷீல்ட்ஸையும் வேட் டேவிஸையும் வாங்கியது. அன்று திட்டாத ஆள் இல்லை. ஆனால் அந்த டேவிஸ்தான் 2015 கோப்பையின் கடைசி அவுட்டை எடுத்தவர். அந்த ஜூலையில் ஜானி குவேட்டோவுக்கும் பென் ஸோப்ரிஸ்ட்டுக்கும் மேலும் ஐந்து இளம் பிட்சர்களைக் கொடுத்தார்கள். விலையாக 2018ல் 104 தோல்வி வந்தது. கொடுக்கலாம் என்பது என் கட்சி. ஆஸ்ட்ரோஸ் 2017ல் ஜஸ்டின் வெர்லாண்டரை வாங்கியது ஆகஸ்ட் 31, கெடு முடியக் கடைசி நிமிஷங்களில். இப்போது அந்த ஆகஸ்ட் 31 கெடு கிடையாது. ஜூலை கடைசியிலோ ஆகஸ்ட் முதல் சில நாட்களிலோ கதவு சாத்திவிடும். யாரைக் கேட்பது, யாரைக் கொடுப்பது என்ற பட்டியலை ஜூன் முடிவதற்குள் எழுதி ஓனரிடம் கையெழுத்து வாங்கிவிடுங்கள்.